இடப்பக்கத்துக் கள்ளன்

எங்கள் வீட்டுக்கு ஊரில் ‘கள்ளன் வீடு’ என்று பெயர். களவுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெரிய வெள்ளியன்று கோயில் வளவில் ஆடும் பாஸ் என்ற திருப்பாடுகளின் நாடகத்தில், யேசுவுக்கு இரு பக்கமும் சிலுவையில் தொங்கும் கள்ளர் இருவரும் எங்கள் குடும்பத்து ஆண்கள், அவ்வளவுதான். எங்கள் ஊரில் பாத்திரங்கள் குடும்பத்துக்குக் குடும்பம் நேர்த்திக்கடனாக வருபவை. பிலாத்து ஒரு வீட்டுக்கு, பேதுரு இன்னொரு வீட்டுக்கு, கள்ளர் எங்களுக்கு. மூத்தவனுக்கு வலப்பக்கச் சிலுவை, இளையவனுக்கு இடப்பக்கச் சிலுவை. வலப்பக்கத்தவன் மனம் வருந்தி மோட்சத்துக்குப் போவான். இடப்பக்கத்தவன் யேசுவைப் பழித்துவிட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சாவான். யார் நல்லவன், யார் கெட்டவன் என்று ஒருவரும் பார்ப்பதில்லை, யார் முந்திப் பிறந்தவன் என்று மட்டும்தான் பார்ப்பார்கள்.

புதிதாக வந்த தபால்காரர் வழி கேட்டபோது சந்திக் கடைக்காரர், “கள்ளன் வீடோ? நேர போய்ச் சோத்துக்கைப் பக்கம்” என்று காட்டியிருக்கிறார். அந்த மனிதர் பல நாள் எங்கள் படலைக்குக் கிட்டவே வரவில்லை. கடிதங்களை வேலிக்கு மேலால் எறிந்துவிட்டுச் சைக்கிளை மிதித்துவிடுவார்.

என் அப்பா இளையவர், ஆகவே இடப்பக்கம். பெரியப்பா வலப்பக்கம். இளமையில் இருவரும் இதை வைத்து ஒருவரை ஒருவர் பகிடி பண்ணியவர்கள்தான். ஆனால் சண்டைக் காலம் தொடங்கிய வருடத்தில் ஒரு நாள் நடந்த காரியத்துக்குப் பிறகு, அப்பாவுக்கு அதில் சிரிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

எங்கள் ஊர் கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இருக்கிறது. தண்ணீருக்கு அப்பால் திருகோணமலைப் பட்டணம் தெரியும். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வள்ளத்தில், ஒரே இஞ்சினில் தொழில் செய்தவர்கள். அந்த நாள் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி ஓட வேண்டி வந்தது. வள்ளம் சின்னது, இரண்டு குடும்பத்தையும் ஒன்றாக ஏற்ற முடியாது. பெரியப்பா தன் மனைவி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, “குறிஞ்சாக்கேணியில இறக்கிப்போட்டு வாறன், இதிலேயே நில்லுங்கோ” என்று சொல்லிப் போனார். நாங்கள் உடைந்த இறங்குதுறைக்குப் பக்கத்தில் துணிமூட்டைகளோடு நின்றோம். வெயில் சாயும்வரை நின்றோம். வள்ளம் வரவில்லை. கடைசியில் வயல் வரம்பாலும் பற்றைக்காட்டாலும் நடந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் போய் விழுந்தோம். ஒருவரும் சாகவில்லை. தங்கைக்குக் காய்ச்சல், அம்மாவின் காலில் முள், அவ்வளவுதான் சேதம். எல்லோரும் ஊர் திரும்பியபோது அந்தக் கதை அதோடு முடிந்ததென்று நினைத்தேன்.

அப்பாவுக்கு அது முடியவில்லை. “செத்திருந்தால்?” என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. ஊர்ச்சனம் பெரியப்பாவுக்காகக் காரணங்கள் சொன்னது. எண்ணெய் முடிந்துவிட்டதாம், இஞ்சின் பழுதாம். பெரியப்பா அவற்றை ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்பா எதிரில் வருவதைக் கண்டால் வேறு ஒழுங்கையால் திரும்பிப் போனார். அப்பாவோ அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் நின்று, இனி அந்த வள்ளத்தில் கால் வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, இன்னொருவரின் வள்ளத்தில் கூலிக்குப் போனார்.

பாஸ் மட்டும் நிற்கவில்லை. நேர்த்தி கடவுளோடு, அண்ணனோடு அல்ல. ஒருவர் ஒத்திகைக்கு வரும் நாளில் மற்றவர் வரமாட்டார். பெரிய வெள்ளியன்று இருவரும் தொங்குவார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வசனத்தைச் சொல்லுவார்கள், இறங்குவார்கள். இறங்கியதும் அப்பா கோயிலில் ஊற்றும் கஞ்சியை வாங்கிக்கொண்டு வந்து குந்தி, வருடாவருடம் ஒரே கதையைத்தான் கதைப்பார்.

“விட்டிட்டுப் போனது அவன். மோட்சத்துக்குப் போறதும் அவன். நான் வருசா வருசம் நரகத்துக்குப் போறன். இது எந்த ஊர் நியாயம்?”

“நாடகந்தானே. கஞ்சியைக் குடியுங்கோ” என்பார் அம்மா.

எனக்கு அப்பாவின் வாயும் அப்பாவின் பிடிவாதமும் அப்படியே வந்திருந்தன. அதனால் எனக்குக் கலியாணம் பேசியபோது வீட்டில் சண்டை வராமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

மாப்பிள்ளை பட்டணத்தில் இருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த கணக்கு மாஸ்டர். அவர் வந்து சேர்ந்த காலத்தில் எங்கள் பாஸுக்கு யேசு இல்லை. முந்தி யேசுவாக நடித்தவர் ஓர் ஏஜென்சிக்காரனைப் பிடித்துக் கனடாவுக்குப் போய்விட்டார். நாடகம் பழக்குகிற அண்ணாவியார், தாடி வைத்தால் பொருந்தக்கூடிய முகம் என்று மாஸ்டரைக் கண்ட இடத்தில் பிடித்துவிட்டார். அந்த மனிதரும் சரியென்று தவக்காலம் முழுக்கத் தாடி வளர்த்து, வெள்ளிக்கிழமைகளில் பட்டினி கிடந்து, என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் திரிந்தார். யேசுவாம். எனக்கு வந்த எரிச்சலுக்கு நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி எறிந்திருப்பேன், அது கொஞ்சம் இறுக்கம்.

எங்கள் கோயிலுக்குள் அப்போது அகதிச் சனம் இருந்தது. அதனால் கலியாணப் பூசை பட்டணத்துப் பெரிய கோயிலில், உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு என்று முடிவாயிற்று. எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் கடந்து கலியாணத்துக்குப் போகும் பெண் சொந்தக் குடும்பத்து வள்ளத்தில்தான் போகவேண்டும். எங்கள் குடும்பத்துக்கு இருந்தது ஒரே வள்ளம். அது பெரியப்பாவிடம் இருந்தது. பெரியப்பா என் ஞானத்தகப்பனும்கூட. ஞானஸ்நானத் தொட்டியில் என்னைத் தூக்கிப் பிடித்தவர்.

“பட்டணத்துக்குச் சனம் ஏத்திற லோஞ்ச் ஓடுது. லோஞ்சில போவம்” என்றார் அப்பா.

“நான் பெரியப்பாவின்ர வள்ளத்திலதான் போவன். இல்லாட்டில் எனக்குக் கலியாணம் வேண்டாம்” என்றேன்.

“அவன் செய்ததுக்குக் கடவுளுக்குக் கணக்குக் குடுக்கோணும். அவர் நீதியுள்ளவர்.”

“அவர் இரக்கமுள்ளவரும்தான். அதுக்கு நீங்கள் கணக்குக் குடுக்கோணுமே. ரெண்டும் எண்டுதானே ஞானோபதேசத்தில சொல்லித் தந்தது?”

“அதை உன்ர கொம்மாட்டக் கேள்.”

அம்மா குசினிக்குள் இருந்தபடியே, ரெண்டும் ஒரே அச்சு என்று சொன்னது எங்கள் இருவருக்கும் கேட்டது.

“முதல் அவன் வந்து வாயைத் திறக்கட்டும். பிறகு பாப்பம்” என்றார் அப்பா. அது வெறும் சாக்கு அல்ல. அவர் உண்மையாகவே அதற்காகத்தான் அத்தனை காலமும் காத்திருந்தார். பெரியப்பா வாய் திறக்கிற ஆள் இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். என் கலியாணம் அந்த மனிதரின் மூடின வாய்க்குள் மாட்டிக்கொண்டு நின்றது. நான் அழுதேன் என்று சொல்லமாட்டேன், சட்டிபானைகளைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன்.

பெரிய வெள்ளி வந்தது. முந்தியெல்லாம் இரவிரவாக நடந்த பாஸ், சண்டைக் காலத்தில் ஊரடங்குக்குப் பயந்து பின்னேரத்துக்கு வந்திருந்தது. கல்வாரி மலையை முந்தி மண்ணாலும் கொப்புகளாலும் செய்வார்கள். இப்போது மண்மூட்டைகளை அடுக்கிச் சணல் சாக்கால் மூடினார்கள். மண்மூட்டை அடுக்குவதில் எங்கள் ஊருக்கு அப்போது நல்ல கைப்பழக்கம் வந்திருந்தது. அந்த மலைக்குப் பின்னால் குந்தியிருந்து வசனம் எடுத்துக்கொடுப்பது என் வேலை. சிலுவையில் நிற்பவர்களின் குதிக்கால் என் தலைக்கு மேலே தெரியும்.

பக்கத்தில் இருந்த நேவி காம்புக்குப் பங்குச் சுவாமியார் போய் அனுமதி எடுத்திருந்தார். சனம் கூடுமென்று சொன்னார். ஒலிபெருக்கி உண்டென்று சொன்னார். உரோமைப் போர்வீரரின் மர ஈட்டிகளைக்கூடக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். எல்லாம் சொன்ன மனிதர் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார். யேசு உயிர்விடும்போது எங்கள் பாஸில் இடி இடிக்கும். கோயில் மடத்துக்குப் பின்னால் வெறும் பீப்பாய்களுக்குள் கருங்கல்லைப் போட்டு உருட்டி, அதோடு சேர்த்துக் கூரைத் தகரத்தைப் பொல்லால் அடிப்பார்கள். தலைமுறையாகச் செய்கிற இடி, சுவாமியாருக்கு அது ஒரு சத்தமாகவே படவில்லை.

இடிக்காரருக்கு மேடை தெரியாது. அண்ணாவியார் தோளில் இருக்கும் துவாயை எடுத்து அசைப்பதுதான் அவர்களுக்கு அடையாளம். அன்றைக்கு வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். மூன்று சிலுவையும் நிமிர்த்தியாயிற்று. வள்ளம் கட்டுகிற நைலோன் கயிற்றால், வள்ளம் கட்டுகிற முடிச்சாலேயே கைகளைக் கட்டியாயிற்று. அப்பா தன் வசனத்தை வழக்கம்போல் நல்ல ஆத்திரத்தோடு சொல்லி முடித்தார். அடுத்தது பெரியப்பா. அவர் வாயைத் திறக்கும் முன், அண்ணாவியார் துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

இடி இடித்தது.

சனத்துக்கு அது இடியாகக் கேட்கவில்லை. செல் விழுது என்று யாரோ கத்த, முழு வளவும் ஒரே எழும்பலாக எழும்பி ஓடியது. பிலாத்து ஓடினார். பேதுரு ஓடினார், அவர் வேதத்திலும் ஓடியவர்தான். கயிறு அவிழ்க்க வேண்டிய நூற்றுவர்தலைவன் ஈட்டியையும் போட்டுவிட்டு ஓடினான். காம்பில் இருந்தவர்களுக்கும் அது இடியாகக் கேட்கவில்லை, காவல் சென்றியில் இருந்து ஆகாயத்தை நோக்கிச் சில வெடிகள் கேட்டன. நான் மண்மூட்டைகளுக்குப் பின்னால் குப்புறப் படுத்தேன். ஊரிலேயே பத்திரமான இடம் அப்போது அதுதான். மூன்று பேர் மட்டும் ஓட முடியாமல் எனக்கு மேலே தொங்கினார்கள்.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. ஆனால் ஒருவரும் வெளியே வரவில்லை. நான் எழும்பப் பார்த்தேன். அப்போது பெரியப்பாவின் குரல் கேட்டது.

“தம்பி, வெடி ஒண்டும் படேல்லையோ?”

அத்தனை வருடங்களுக்குப் பிறகு அவர் அப்பாவோடு கதைத்த முதல் கதை. நான் திரும்பவும் படுத்துக்கொண்டேன். அப்பா நடுவில் தொங்கியவரிடம் சொன்னார்.

“மாஸ்டர், அந்தாளிட்டச் சொல்லுங்கோ, எனக்கு ஒண்டும் படேல்லை எண்டு.”

“பெரிய மாமா, அவருக்கு ஒண்டும் படேல்லையாம்” என்றார் மாஸ்டர். முள்முடியோடு அவர் தலையை அங்குமிங்கும் திருப்பியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

“கயிறு இறுகுதோ எண்டு கேளுங்கோ மாஸ்டர்” என்றார் பெரியப்பா.

“கயிறு இறுகுதோ எண்டு கேக்கிறார் மாமா.”

“கயிறு கிடக்கட்டும். அண்டைக்கு ஏன் திரும்பி வரேல்லை எண்டு கேளுங்கோ.”

மாஸ்டர் கொஞ்சம் தயங்கினார். ஆனால் கைகள் கட்டுண்டு கிடக்கிற மனிதர் எங்கே போவார். “பெரிய மாமா, ஏன் திரும்பி வரேல்லை எண்டு கேக்கிறார்” என்றார்.

பெரியப்பா எண்ணெய் முடிந்தது என்று சொல்லலாம். இஞ்சின் பழுது என்று சொல்லலாம். ஊர் அவருக்காக எல்லாக் காரணத்தையும் தயாராகச் செய்து வைத்திருந்தது.

“எண்ணெய் இருந்தது மாஸ்டர். இஞ்சினும் நல்லாத்தான் இருந்தது. பிள்ளையளை இறக்கிப்போட்டு வள்ளத்தைத் திருப்பினனான். பாதி வழி வந்தனான். வெடிச்சத்தம் கேட்டது. திரும்பக் கரைக்கே ஓடிட்டன். பயந்திட்டன் எண்டு சொல்லுங்கோ.”

மாஸ்டர் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பிறகு அப்பா கதைத்தார், மாஸ்டரோடு அல்ல.

“இதைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு காலமோ அண்ணை?”

“எந்த முகத்தோட வாறது? மன்னி எண்டு கேக்க என்னட்ட என்ன நியாயம் இருக்கு?”

“நியாயம் ஒண்டும் இல்லைத்தான்” என்றார் அப்பா கடுகடுவென்று. பிறகு, “நியாயம் இருந்தால் பிறகு மன்னிப்பு எதுக்கு?” என்றார். அவர் அதைச் சண்டை பிடிக்கிற குரலில்தான் சொன்னார். அப்படிச் சொல்லப்போகிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். மண்மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேனா அழுதேனா என்று சொல்லத் தெரியவில்லை.

அதற்குள் சுவாமியார் வெள்ளைக் கொடியைப் போலத் தன் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் காம்பில் இருந்து சில நேவிக்காரர் வந்தார்கள். பீப்பாயைக் காட்டி, கல்லைக் காட்டி, தகரத்தை ஒருமுறை அடித்தும் காட்டினார்கள். நேவிக்காரரில் ஒருவர் நீர்கொழும்புப் பக்கத்துக் கத்தோலிக்கராம். அவர் மூன்று சிலுவையையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார், சிலுவை அடையாளம் போட்டார், பிறகு விட்ட இடத்தில் இருந்து தொடங்கச் சொன்னார். சனம் ஒவ்வொருவராக வந்து குந்தியது. உரோமைப் போர்வீரர் வெட்கத்தோடு ஈட்டிகளைப் பொறுக்கினார்கள்.

விட்ட இடம் பெரியப்பாவின் வசனம். நாங்கள் செய்த குற்றத்துக்கு நாங்கள் படுகிறோம், இவர் ஒரு குற்றமும் செய்யாதவர் என்று சொல்லவேண்டும். வருடாவருடம் மெதுவாக முணுமுணுத்துவிட்டுப் போகிற மனிதர், அன்றைக்குக் கடைசி வரிசைக் கிழவிகளுக்கும் கேட்கும்படி சொன்னார். தன்னை நினைத்தருளும்படி யேசுவைக் கேட்டார். இனி யேசு பதில் சொல்லவேண்டும். யேசு வசனத்தை முழுக்க மறந்துவிட்டார். எடுத்துக்கொடுக்க வேண்டியவள் நான், எனக்கும் வசனம் முழுக்க வரவில்லை. கடைசியில் “இண்டைக்கே” என்று மட்டும் சொன்னேன். அது அவருக்குப் போதுமாயிருந்தது, இன்றைக்கே நீ என்னோடு மோட்சத்தில் இருப்பாய் என்று சொல்லி முடித்தார்.

அப்போதுதான் அப்பா அதைச் செய்தார். இடப்பக்கத்துக் கள்ளன் முகத்தைக் கடற்பக்கம் திருப்பிக்கொண்டு சாகவேண்டும், எங்கள் குடும்பத்தில் எல்லா இளையவர்களும் அப்படித்தான் செத்திருக்கிறார்கள். அப்பா வலப்பக்கம் திரும்பினார். யேசுவையும் தாண்டி அண்ணனைப் பார்த்தபடியே தலையைத் தொங்கப்போட்டார்.

நாடகம் முடிந்ததும் அண்ணாவியார் துள்ளி எழும்பினார். “வேதத்தில இல்லாததை ஆடுறதோ? அவன் நரகத்துக்குப் போறவன்.”

“வேதத்தில அவன் பழிச்சது மட்டும்தானே இருக்கு” என்றார் சுவாமியார். “எந்தப் பக்கம் பாத்துச் செத்தவன் எண்டு எழுதேல்லையே அண்ணாவியார்.” அண்ணாவியார் அன்றைக்குக் கஞ்சி குடிக்கவில்லை.

அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கையைத் தடவிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். உயிர்ப்புத் திருநாள் வந்து போனது. அப்பா அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் போய் நின்று ஏதோ முணுமுணுத்தார் என்று தங்கை வந்து சொன்னாள். அந்தோனியார் என்ன சொன்னார் என்று தெரியாது. ஒரு நாள் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி அப்பா சொன்னார்:

“நீ அண்ணையின்ர வள்ளத்தில போ. நான் லோஞ்சில வாறன்.”

பாதி மன்னிப்பு. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அம்மா கண்ணால் அடக்கினார், நானும் அடங்கினேன். வாழ்க்கையில் நான் அடங்கிய மிகச் சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

கலியாணத்தன்று விடிய, கூறைச் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரைக்குப் போனோம். பெரியப்பா எங்களுக்கு முன்னமே வந்திருந்தார். எப்போது வந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. உடைந்த இறங்குதுறைக்குப் பக்கத்தில், நாங்கள் அன்றைக்கு மூட்டைகளோடு நின்ற அதே இடத்தில், புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் வள்ளத்தைப் பிடித்தபடி நின்றார். வள்ளத்துக்கு நீலப் பெயின்ற் அடித்திருந்தது. என்னைத் தூக்கி ஏற்றினார், ஞானஸ்நானத் தொட்டியில் தூக்கியது போலத்தான், பாரம் கொஞ்சம் கூட. அம்மா ஏறினார். தங்கை ஏறினாள், பெரியம்மாவும் பிள்ளைகளும் முதல் நாளே பட்டணத்துக்குப் போயிருந்தார்கள். அப்பா கரையில் நின்றார்.

“லோஞ்சுக்கு நேரமாகுது. நான் வாறன், நீங்கள் எடுங்கோ” என்றார்.

பெரியப்பா அசையவில்லை. “அண்டைக்கு விட்டிட்டுப் போட்டன். இண்டைக்கு உன்னை விட்டிட்டு எடுக்க எனக்கு ஏலாது தம்பி. நீ நிண்டால் நானும் நிப்பன்.”

பட்டணத்தில் சுவாமியாரும் மாப்பிள்ளையும் காத்துக்கொண்டிருப்பார்கள், பூசை நேரம் போய்க்கொண்டிருந்தது. அப்பா கடலைப் பார்த்தார், வள்ளத்தைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். வேட்டி நனைய நனைய நடந்து வந்து, வள்ளத்தில் கால் வைத்து ஏறினார். பெரியப்பா இஞ்சின் இருக்கும் பின்னணியத்தில் ஏறி அதன் கயிற்றைப் பிடித்தார். இழுக்கவில்லை.

“எல்லாரும் ஏறிட்டினமோ? வடிவாப் பாத்துச் சொல்லு.”

அப்பா எழும்பி நின்று, கரையை ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை பார்த்தார்.

“பாத்தாச்சு அண்ணை” என்றார். “கரையில ஒருத்தரும் இல்லை.”